மக்கா என்றால் விளக்கெரியும் வீடு

விளக்குப் போட எழுந்து போக மாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு, அந்தச் சபதத்தை நிறைவேற்ற வருஷக்கணக்கில் உட்காராமல் உழைக்கிற ஓர் இனம் நம்மிடையே பெருகிக்கொண்டிருக்கிறது. இந்த இனத்துக்கு நான் சுவிட்ச்விரோதி என்று பெயர் வைத்திருக்கிறேன். கண்டுபிடிப்பது சுலபம். ஆள்காட்டி விரல் நுனியில் ஈயம் உருக்கிப் பற்றவைத்ததில் சுட்டுக்கொண்ட தழும்பு இருக்கும். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். எலக்ட்ரீஷியன் என்று நினைத்துவிடாதீர்கள். எலக்ட்ரீஷியன், கரண்ட் போனால் வருகிறவர். இவர் வந்தால் கரண்ட் போகும்.

நோய் தொற்றுவது யூடியூபில். யாரோ ஒருவர் தீப்பெட்டி அளவுள்ள பச்சைப் பலகை ஒன்றில் மிளகளவு விளக்கை மினுக்கிக் காட்டுவார். பார்ப்பவர் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவில் மீன் குழம்புக்குப் போய்விட வேண்டும். போகாமல் அதையே இன்னொரு முறை பார்த்தாரோ, குடும்பம் போயிற்று.

என் பக்கத்து வீட்டு சத்தியநேசன் இன்னொரு முறை பார்த்தார். மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர் கீப்பராகப் பல காலம் இருந்துவிட்டு, மயிலாடிக்குத் திரும்பி வந்து, நல்ல வீடு கட்டி, நல்லபடியாகச் சும்மா இருந்தவர். ஒரு நாள் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. மறுநாள் மத்தியானம் வீட்டிலிருந்து ஒரு கூச்சல். மனைவி ராஜபாய் கையில் அரிவாளோடும் அரிவாளில் மீன் செதிலோடும் ஓடி வந்தாராம்.

"பாத்தியா?"

"என்னத்த?"

"மினுங்குது."

"அதுக்கு?"

"நானாக்கும் மினுங்க வச்சேன்."

"அடுக்களை டியூப்லைட்டும்தான் ரொம்ப நாளா மினுங்குது. அத முதல்ல மாத்துங்கோ."

இனத்தின் முதல் இலக்கணத்தை ராஜபாய் அன்றே கண்டுகொண்டார். கெட்டுப்போன பழைய பொருளைச் சரிசெய்ய சுவிட்ச்விரோதிக்கு நேரம் இருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருள்மீதுதான் அவருக்குக் கண். அடுக்களை டியூப்லைட் இன்றைக்கும் மினுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தோவாளையிலிருந்து வாங்கி வந்த பிச்சிச் செடிக்கு மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி வைத்தார். அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் செடி அவர் போனுக்கு, 'எனக்குத் தாகமாக இருக்கிறது' என்று செய்தி அனுப்பியது. அவரும் குடை பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினார். குளியலறையில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு வைத்தார். உள்ளே போகிறவர் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய காரியத்துக்குப் போயிருந்தால், நடுநடுவே இருட்டில் இரண்டு கையையும் தூக்கி ஆட்ட வேண்டியிருந்தது. கோளாறு எதுவாக இருந்தாலும் அவர் வாயில் ஒரே பதில்தான் வரும். "நேத்து வரைக்கும் நல்லா வேல செஞ்சுதே!" உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் சுவிட்ச்விரோதியைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அந்த நேற்றை நம்மில் ஒருவரும் பார்த்ததில்லை.

பிறகு கைதட்டினால் எரியும் விளக்கு. இதைக் காட்ட என்னைக் கூப்பிட்டார்.

"வே நாராயணபெருமாள், இனி சுவிட்சே வேண்டாம் பாத்துக்கிடும். ஒரு தட்டு, எரியும். இன்னொரு தட்டு, அணையும்."

அவர் தட்டுவதற்கு முன்பே எரிந்தது. தட்டியதும் அணைந்தது. பிறகு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. அவர் ரவுட்டரைச் சந்தேகப்பட்டார், மின்வாரியத்தைச் சந்தேகப்பட்டார், கடைசியில் என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டார். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. எங்கள் மயிலாடி சிலை செதுக்கும் ஊர். காலை முதல் மாலைவரை தெருவுக்குத் தெரு உளியும் சுத்தியலுமாக டக் டக் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கும். எங்கள் காதுக்கு அது சத்தமே இல்லை. அந்த விளக்கின் காதுக்கு அது கைதட்டல். பின்தெருவில் யாரோ ஒரு நந்திக்குக் கொம்பு செதுக்க, இவர் வீட்டு ஹால் பேய் பிடித்த மாதிரி மினுங்கியது.

மனிதர் மனம் தளர்ந்தாரா? இந்த இனத்துக்குத் தளர மனம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. "சத்தத்த நம்பப் பிடாது வே. சொல்ல நம்பணும்" என்றார். வார்த்தையால் சொன்னால் கேட்கிற வீடு. கடையில் விற்கிற பேசும் பெட்டியை வாங்கலாம்தான். ஆனால் அதைக் கூப்பிட ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டுமாம். ராஜபாய் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"யாரு அவ? எனக்க வீட்டுல லைட்டு போட நான் எதுக்கு அவளக் கூப்பிடணும்?"

ஆகவே அவரே ஒரு பெட்டி செய்தார். பெட்டியைக் கூப்பிட ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல், வீட்டில் யாரும் தற்செயலாகச் சொல்லிவிடாத சொல்லாக இருக்க வேண்டும் என்று இந்த வித்தையில் கரைகண்டவர்கள் எல்லோரும் எச்சரித்திருக்கிறார்கள். சத்தியநேசன் யோசித்தார். எல்லோருக்கும் வாயில் வரக்கூடிய சொல்லாக இருக்க வேண்டாமா என்று யோசித்தார். யோசித்து யோசித்து, 'மக்கா' என்று வைத்தார்.

இதைப் படிக்கும் குமரி மாவட்டத்துக்காரர்கள் இந்நேரம் தலையில் கைவைத்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நாங்கள் மகனை மக்கா என்போம், மகளை மக்கா என்போம், கூட்டாளியை, எதிரியை, பஸ் கண்டக்டரை, கன்றுக்குட்டியை, எல்லாம் மக்காதான். பிரியம் கூடினால் மக்களே என்போம். பெட்டிக்கு அதையும் சொல்லிக்கொடுத்திருந்தார், பாவம், தாராள மனசு. 'மக்கா, லைட்டு' என்றால் விளக்கு எரியும். 'மக்கா, காத்து' என்றால் மின்விசிறி சுற்றும். 'மக்கா, வெள்ளம்' என்றால் மோட்டார் ஓடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். டம்ளரில் இருந்தாலும் ஆற்றில் வந்தாலும் எங்களுக்கு அது வெள்ளம்தான். அதே சொல்லை மறுபடி சொன்னால் ஓடுவது நிற்கும். 'மக்கா, போதும்' என்றால் வீடு முழுக்க அணையும். சொன்னதைச் செய்யும்போது பெட்டி, சத்தியநேசனின் குரலிலேயே, "செரி மக்கா" என்று பதில் சொல்லும். புரியாவிட்டால், "என்ன மக்கா?" என்று கேட்கும்.

ஹாலுக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று என இரண்டு பெட்டிகள் வைத்த அன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹால் பெட்டி எதற்கோ "என்ன மக்கா?" என்றது. அதைக் கேட்ட அடுக்களைப் பெட்டி, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி, "என்ன மக்கா?" என்றது. உடனே ஹால் பெட்டி, "என்ன மக்கா?" மத்தியானம் முழுக்க இரண்டும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஊர்க்காரர் இருவர் சந்தித்துக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. கடைசியில் அடுக்களைப் பெட்டியைக் கழற்றிவிட்டார்.

இவ்வளவும் நமக்கு வேடிக்கை. ராஜபாய்க்கு வேடிக்கை இல்லை. ஏனென்றால், பெட்டி பேச ஆரம்பித்த மறுநாள் சத்தியநேசன் வீட்டுச் சுவர்களில் இருந்த சுவிட்சுகளை எல்லாம் பிடுங்கி, ஓட்டைகளைச் சிமெண்டால் பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டார். அந்த அம்மாள் பழக்கத்தில் சுவரைத் தடவுவார். வெறும் சுவர். தன் வீட்டுக்குள் தானே விருந்தாளி மாதிரி நின்று, பெட்டியைப் பார்த்து, "மக்கா, லைட்டு" என்று கேட்டு வாங்க வேண்டும். தொண்டை கட்டியிருந்தால் அன்றைக்கு இருட்டு. அவரைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அவர்களுடைய கல்யாணத்துக்கு வெள்ளிவிழா வந்தது. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ராஜபாய்தான் செயலாளர். தலைவி நேசபாய் அம்மாள் முதற்கொண்டு எல்லோரையும் வரவழைத்து வீட்டில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. போன தடவை ஒரு ஜெபக்கூட்டம் வைத்தபோது, பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து கைதட்டி, விளக்கு பாட்டு முழுக்க எரிந்து அணைந்ததில், அதற்கப்புறம் ஒருவரும் அந்த வீட்டுப் பக்கம் கூட்டம் கேட்கவில்லை. அந்த அவமானம் ராஜபாய்க்கு உள்ளே கிடந்து அறுத்தது. கூட்டத்துக்கு முன்தினம் வேலிப்பக்கம் நின்று கணவரிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"இஞ்ச பாருங்கோ. நாளைக்கு ஒரு குத்தம், ஒரே ஒரு குத்தம் வந்தாலும், சுவரெல்லாம் ஒடச்சு சுவிட்ச வச்சிரணும். ஒண்ணும் வரல்லன்னா நான் சாவுற வரைக்கும் அதுக்கிட்ட மக்கா மக்கான்னு கெஞ்சிக்கிட்டு கெடக்கேன்."

"செரி" என்றார் சத்தியநேசன். அவருடைய இத்தனை கால ஊழியமும் ஒரு மாலையில் அடங்கிப்போயிற்று.

பெட்டியை அன்று ஒருநாள் அணைத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அணைத்தால் விளக்கைப் போடுவது யார்? சுவிட்ச் இருந்த இடமெல்லாம்தான் சுண்ணாம்பாகிவிட்டதே! ஆகவே பெட்டியின் மேல் ஒரு தோர்த்துத் துண்டைச் சுற்றி, குளிருக்குப் பிள்ளைக்குத் துண்டு கட்டுவது போலக் காதைப் பொத்திவைத்தார். அத்தோடு, உறவினர் எல்லோரையும் ரகசியமாக ஓரங்கட்டி, "ஒரு உபகாரம். இந்த வீட்டுக்குள்ள மக்கான்னு மட்டும் சொல்லிராதியோ" என்று கெஞ்சினார். எங்கள் ஊரில் ஒருவனிடம் மூச்சு விடாதே என்று சொல்லியிருந்தாலும் சமாளித்திருப்பான்.

கூட்டம் நல்லபடியாகவே தொடங்கியது. ஹாலில் பாய் விரித்துப் பெண்கள். முற்றத்தில் தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் நாற்காலியில் ஆண்கள். மூட்டுவலி காரணமாகத் தரையில் உட்கார முடியாத நேசபாய் அம்மாளும் முற்றத்தில் முன்வரிசையில். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு அவருக்குப் பின்னால் ஓர் இடம். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று போதகர் வாசலருகே, பந்தலின் கீழ் நின்றார். அவருடைய குரலைப் பெரிதாக்கும் ஸ்பீக்கரை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஹால் ஜன்னலில். தோர்த்துக்கு அடுத்து.

போதகர் வெளியூர்க்காரர். அவரை யாரும் ஓரங்கட்டி உபகாரம் கேட்டிருக்கவில்லை.

"அன்பான மக்களே!" என்றார் போதகர்.

"என்ன மக்கா?" என்றது தோர்த்து.

கூட்டம் முழுவதும் திரும்பி சத்தியநேசனைப் பார்த்தது. குரல் அவருடையதல்லவா! போதகர் பேச்சை நிறுத்தி, "ஐயா ஏதாவது கேட்டீங்களா?" என்றார்.

"இல்ல, ஐயா... நீங்க சொல்லுங்கோ."

"நல்லது. கேளுங்கள் மக்களே!"

"என்ன மக்கா?"

வயதில் பெரியவர் என்னமோ ஆர்வமாகக் கேட்கிறார் என்று போதகருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ராஜபாய் புடவைத் தலைப்பைச் சுருட்டினார், விரித்தார். இருந்தாலும் போதகர் நல்ல தமிழ்க்காரர். ஒளி என்றாரே தவிர லைட்டு என்று சொல்லவில்லை. காற்று என்றாரே தவிர காத்து என்று சொல்லவில்லை. பெட்டிக்குச் செந்தமிழ் தெரியாது. சத்தியநேசன் மெல்ல மூச்சுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போதுதான் போதகர் நோவாவின் பேழைக்கு வந்தார். இருபத்தைந்து வருஷ இல்லறம் ஒரு கப்பல் மாதிரி என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது. கையை உயர்த்தி, குரலை உயர்த்தி, "மக்களே, வெள்ளம்!" என்றார்.

"செரி மக்கா."

வீட்டுக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. விருந்தினர் வருகிறார்கள் என்று ராஜபாய் ஏற்கெனவே தொட்டியை முட்ட நிரப்பிவைத்திருந்தார். நிறைந்து வழிகிற குழாயின் வாய் முற்றத்தைப் பார்த்திருந்தது. வழிந்த நீர் தார்ப்பாய் மேல் இறங்கத் தொடங்கியது. தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்றுகூடவா இல்லை என்கிறீர்களா? இருந்தது. அன்று காலையில்தான் அதைக் கழற்றிப் பிச்சிச் செடிக்குப் பொருத்தியிருந்தார்.

"மக்களே, வெள்ளம் ஏறியது!"

"செரி மக்கா." மோட்டார் நின்றது.

"மக்களே, வெள்ளம் இன்னும் ஏறியது!"

"செரி மக்கா." மோட்டார் ஓடியது.

சத்தியநேசனின் உதடுகள் அசைந்தன. ஜெபம் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். ஒற்றையா இரட்டையா என்று எண்ணிக்கொண்டிருந்தார் மனிதர். போதகர் இரட்டைப்படையில் முடித்தால் பிழைத்தார். ஒற்றைப்படையில் முடித்தால் சுவர் உடையும். தலைக்கு மேல் தார்ப்பாய் தொப்பை போட ஆரம்பித்திருந்தது. நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டேன்.

போதகர் ஒற்றைப்படையில் நிறுத்தினார். "எல்லோரும் கண்களை மூடி அமைதியாக ஜெபிப்போம்."

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சத்தியநேசன் எழுந்து பூனை நடையில் ஜன்னலுக்குப் போய், தோர்த்தின் காதில் கிசுகிசுத்தார். தோர்த்துக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிசுகிசுத்தார். பொறுமை போய், கட்டின மனைவியும் சபையும் கேட்க, வாய்விட்டே கத்திவிட்டார்.

"மக்கா, வெள்ளம்!"

"செரி மக்கா." மோட்டார் நின்றது. பிழைத்தார். ஒரே ஒரு மூச்சுக்குப் பிழைத்தார்.

ஏனென்றால் நேசபாய் அம்மாளுக்கு இளகிய மனசு. அந்த அலறலைக் கேட்டு அவருக்குத் தாங்கவில்லை. கண்ணை மூடியபடியே ஹாலுக்குள் இருந்த ராஜபாயின் மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி ஜாஸ்மி! மக்கா, வெள்ளம் கொண்டு வா! உனக்க அப்பாக்குத் தொண்ட வறண்டு போச்சு, கேட்டியா?"

பெட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "செரி மக்கா."

இந்த முறை வந்த வெள்ளத்தைத் தார்ப்பாய் தாங்கவில்லை. ஒரு பக்கக் கயிறு அறுந்தது. வெள்ளிவிழாவுக்கென்று நேசபாய் அம்மாள் உடுத்திவந்த பட்டு, போதகரின் வெள்ளை அங்கி, எனது வழுக்கை, வினியோகத்துக்குத் தயாராக அடுக்கியிருந்த ஏத்தம்பழ பஜ்ஜி எல்லாவற்றின் மேலும் பாரபட்சமில்லாமல் கொட்டியது. பின்வரிசையில் யாரோ கண்ணைத் திறக்காமலே "ஸ்தோத்திரம்!" என்றார். போதகர் முகத்தை வழித்துவிட்டு, கூட்டத்தை இத்தோடு முடித்துக்கொள்வோம் என்ற நல்லெண்ணத்தில், இரு கைகளையும் விரித்துச் சொன்னார்.

"மக்களே, போதும்!"

வீடு முழுக்க அணைந்தது. இருட்டுக்குள்ளிருந்து தோர்த்து மட்டும் பணிவாகச் சொன்னது: "செரி மக்கா."

இத்தனை பேரும் சுவரைத் தடவுகிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஐம்பது கைகளுக்கும் ஒரு சுவிட்ச் அகப்படவில்லை. அந்த இருட்டில் ராஜபாய் கத்தவில்லை, அழவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சுவிட்சு."

சத்தியநேசனுடைய வாய் பழக்கத்தில், "நேத்து வரைக்கும்..." என்று தொடங்கியது. அத்தோடு நின்றுவிட்டது.

மறுநாள் காலையிலேயே எலக்ட்ரீஷியன் டெனிஷுக்கு ஆள் போயிற்று. டெனிஷ் வந்து சுவரைப் பார்த்தான், சிமெண்டைத் தட்டினான், "யாரு அண்ணா பூசுனது? நல்ல உறப்பு" என்று பாராட்டினான், நாளைக்கு வருகிறேன் என்று போனான். எலக்ட்ரீஷியனின் நாளை உங்களுக்குத் தெரியாததல்ல. ராஜபாய் பெட்டியின் வாயில் பிளாஸ்திரி ஒட்டவில்லை, அதை உடைக்கவும் இல்லை; கழற்றிப் பரணில் போட்டார். ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் மூலையில் ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டார். கணவரை அதில் உட்காரச் சொன்னார்.

"டெனிஷ் வாற வரைக்கும் நீங்களாக்கும் சுவிட்சு."

இப்போது சாயங்காலமானால் எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. கல்யாணமான நாளிலிருந்து கணவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டிராத ராஜபாய், அடுக்களையில் நின்றபடியே, கணீரென்று, "மக்கா, லைட்டு!" என்பார். ஸ்டூல் நகரும். இரண்டு ஒயர் ஒட்டும். விளக்கு எரியும். ஒருமுறைகூடத் தவறியதில்லை, உளிச்சத்தத்துக்கு மயங்குவதில்லை, ரவுட்டர் வேண்டியதில்லை. சொன்னால் கேட்கிற வீடு என்று அவர் எதைக் கனவு கண்டாரோ, அது இப்போது அப்படியே நடக்கிறது. டெனிஷ் இரண்டு மூன்று முறை வந்து பார்த்ததாகவும், ராஜபாயே, "அவசரமில்ல மக்களே, பைய வா" என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் கேள்வி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு உங்கள் மேசை டிராயரைத் திறந்து பாருங்கள். பழைய சார்ஜர்களுக்கு அடியில், எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிப்போட்ட பச்சைப் பலகை ஏதாவது கிடக்கிறதா? இல்லையா, நல்லது. போன வாரம் வேறொருவருக்காகத்தான் பார்த்தேன் என்று நீங்கள் சொல்லிக்கொள்கிற அந்த வீடியோவை, உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை முறை பார்த்தீர்கள்? பதில் எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு நாள் கணீரென்று ஒரு குரல் கூப்பிடும். அப்போது வாதம் பண்ணாமல் எழுந்து போங்கள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

செரி மக்கா?